பாவனையாளர் எனப்படுவோர் யார்? நாவலப்பிட்டி மலைப்புறமும் மின்சார ஒழுங்குபடுத்தலின் வரலாறும்

இலங்கையின் நீர்மின் நிலையங்களைத் தேசப்படத்திற் குறித்து நோக்குவோர்க்கு நாவலப்பிட்டியின் அமைவிடம் கருத்தூன்றத்தக்கதாகத் தோன்றும். மகாவலியின் மேற்பள்ளத்தாக்கில், 1874ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை வந்தடைந்ததன் பயனாக நகராக வளர்ச்சியுற்ற இவ்வூருக்குக் கிழக்கே கொத்மலை அணை உள்ளது. தென்மேற்கே கினிகத்தேனையைக் கடந்து சென்றால், களனி கங்கையின் கிளைகளாகிய கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா ஆகியவற்றின் நீரைக் கொண்டு இயங்கும் லக்ஸபான நிலையத் தொகுதியைக் காணலாம். நாட்டின் நீர்மின் உற்பத்தியில் கணிசமான பங்கை இவ்விரு தொகுதிகளுமே நீண்ட காலம் வழங்கி வந்துள்ளன. இவற்றுக்கு இடைப்பட்ட தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த மக்களோ, உயர் அழுத்தக் கம்பிகள் தம் மலைகளுக்கு மேலாகக் கொழும்பை நோக்கிச் செல்வதைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்தபடி, லயக் காம்பிராக்களில் மண்ணெண்ணெய் விளக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தனர்.

மலையகத்தின் பின்தங்கிய நிலைக்கு மற்றுமோர் உதாரணமாக மட்டும் இம்முரணைக் கூறிவிட்டு நகர்ந்து செல்வது எளிது. இக்கட்டுரை அதனைச் சற்று வேறொரு கோணத்திலிருந்து நோக்க முற்படுகின்றது. இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு என்னும் அரச நிறுவனம் மின்கட்டணத்தைத் தீர்மானிப்பதற்கு முன்னர் மக்களின் கருத்தைக் கேட்கக் கடமைப்பட்டுள்ளது. பாவனையாளரின் முறைப்பாடுகளை விசாரிக்கும் பொறுப்பும் அதற்குண்டு. இவ்வாறு செவிமடுக்கப்படுவதற்குரிய 'பாவனையாளர்' எனப்படுவோர் யாவர்? அப்பெயர் சிலருக்கு முன்னரும் சிலருக்குப் பின்னரும் வந்து சேர்ந்தமைக்கான காரணம் யாது? ஆணைக்குழுவின் வரலாற்றை அதன் சட்டங்களிலிருந்து தொடங்காது, ஆறுகளிலிருந்து தொடங்குவதே இவ்வினாக்களுக்குப் பொருத்தமானது.

மலைநாட்டுக்கு மின்சாரம் முதன்முதலில் ஓர் உற்பத்திச் சாதனமாகவே வந்தது. தோட்டங்களின் ஓடைகளில் நீர்ச்சில்லுகளை அமைத்துத் தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே பரவியிருந்தது. பின்னர் அதே ஓடைகளில் சிறிய மின்பிறப்பாக்கிகள் பொருத்தப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தகைய சிறு நிலையங்கள் பல நூறு தோட்டங்களில் இயங்கின. கொழுந்து வாட்டும் மாடிக்கும் அரைக்கும் இயந்திரத்துக்கும் துரையின் பங்களாவுக்கும் அவற்றின் மின்சாரம் சென்றது. தொழிற்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்திலிருந்த லயங்களுக்குச் செல்லவில்லை. தொழில்நுட்ப இயலாமையை இதற்குக் காரணமாகக் கூற முடியாது. தொழிலாளியின் இரவு தோட்டக் கணக்குப் புத்தகத்தில் எவ்விடத்திலும் இடம்பெறவில்லை என்பதே காரணம்.

அரச மட்டத்தில் நீர்மின் சிந்தனையின் முன்னோடி பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா என்பது பலரும் அறிந்ததே. லக்ஸபானப் பகுதியின் நீர்வீழ்ச்சிகளைக் கொண்டு நாட்டை மின்மயமாக்கலாம் என்ற ஆய்வுரையை அவர் 1918இல் முன்வைத்தார். குடியேற்ற ஆட்சியின் தயக்கங்களும் இடைநிறுத்தங்களும் கடந்து, அதன் முதற்கட்டம் 1950இலேயே நிறைவுற்றது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட மின்சாரச் சட்டம் உரிமங்களைப் பற்றியும் பாதுகாப்பைப் பற்றியும் பேசிற்று. பாவிப்போரின் குரலைப் பற்றிப் பேசவில்லை. 1969 நவம்பரில் இலங்கை மின்சார சபை உருவாக்கப்பட்டபோதும் கட்டணம் அமைச்சரவையின் விடயமாகவே இருந்தது.

எனினும் அக்காலத்தில் மின்சாரத்துக்கும் மக்களுக்கும் இடையே ஒரு சனநாயகத் தொடர்பு அறவே இருக்கவில்லை எனக் கூறுவதும் தவறாகும். பல நகரங்களில் மின்விநியோகத்தை நகர சபைகளும் மாநகர சபைகளுமே நடத்தின. மின்சாரத்தை மொத்தமாக வாங்கி வீடுகளுக்கு விற்ற அச்சபைகளின் உறுப்பினர்கள் அதே வீட்டுக்காரரின் வாக்கினாலேயே தெரிவாகினர். தெருவிளக்கு எரியாவிடின் வட்டார உறுப்பினரின் வாசற்படியில் நின்று கேட்கலாம். நிர்வாகத் திறனில் இம்முறை சிறந்து விளங்கியது என்று சொல்வதற்கில்லை. உள்ளூராட்சி மன்றங்களின் விநியோகம் சீர்கெட்டிருந்தமையே 1983இல் லங்கா மின்சாரக் கம்பனி தோற்றுவிக்கப்பட்டதற்குக் கூறப்பட்ட நியாயமாகும். ஆயினும் பாவிப்பவனும் வாக்காளனும் ஒருவனே என்ற தொடர்பு அங்கு இருந்தது.

தோட்ட மக்களுக்கு அத்தொடர்பு கிட்டவில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும், அதனையடுத்து 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களுள் மிகப் பெரும்பான்மையினரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. பிரசாவுரிமை படிப்படியாக மீண்ட பின்னரும் உள்ளூராட்சி அவர்களை எட்டவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக விளங்கிற்று. தோட்டத்திலுள்ள வாக்காளன் பஸ்பாகே கோறளைப் பிரதேச சபைக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். அவ்வுறுப்பினர் அவனது லயத்து முற்றத்துக்கு ஒரு விளக்குப் போடுவதற்குச் சட்டம் இடங்கொடாது. 2018இலேயே இப்பிரிவு திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகள் இது சட்டப் புத்தகத்தில் இருந்தது என்பதை அழுத்திக் கூற வேண்டியுள்ளது. ஏனெனில் மலையகத்தில் உள்ளூராட்சியின் தோல்வியைப் பற்றி எழுதுவோர் பலர் இதனைக் கவனியாது செல்வர்.

ஆகவே, தோட்டத்தில் மின்சாரம் பற்றிய குறை எழுந்தால் அது சென்ற பாதை வேறு. தொழிலாளி தோட்டத் தலைவரிடம் கூறுவார்; தலைவர் தொழிற்சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதியிடம் கூறுவார்; அவர் துரையிடம் பேசுவார். குடிநீரும் கூரைத் தகரமும் பிள்ளைக் காம்பிராவும் கேட்கப்பட்ட அதே வழியில்தான் மின்சாரமும் கேட்கப்பட்டது. அதாவது, மின்சாரம் தொழில் உறவின் ஓர் அங்கமாகக் கருதப்பட்டதேயன்றி, அரசுக்கும் குடிமகனுக்கும் இடையேயுள்ள உறவாகக் கருதப்படவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோதும் இவ்வமைப்பு பெரிதும் மாறவில்லை. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது நாடு முழுவதிலும் ஏறத்தாழ 15 சதவீத வீடுகளே மின்சாரம் பெற்றிருந்தன என்பதால், அக்காலத்து இருளைத் தோட்டங்களுக்கு மட்டும் உரியதாகச் சித்திரித்தலும் பொருந்தாது. கிராமமும் இருளிலேயே இருந்தது. ஆனால் கிராமத்துக்கு வெளிச்சம் வந்த வழி தேர்தல் தொகுதியூடாக வந்தது. லயத்துக்கு அது துரையின் சம்மதத்தினூடாக வரவேண்டியிருந்தது.

கொத்மலைத் திட்டம் இவ்விடத்தில் ஒரு சிறு குறிப்பை வேண்டி நிற்கின்றது. துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டத்தின் ஓர் அங்கமாகச் சுவீடன் அரசின் உதவியோடு அமைக்கப்பட்டு 1985இல் நிறைவெய்திய 201 மெகாவாற்று நிலையம் இது. ஏறத்தாழ மூவாயிரம் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. பழமைமிக்க கொத்மலைப் பள்ளத்தாக்கின் வயல்களும் விகாரைகளும் நீரில் ஆழ்ந்தன. மக்களிடம் கருத்துக் கேட்கும் சட்டபூர்வமான ஏற்பாடு எதுவும் அன்றிருக்கவில்லை. தொண்ணூறுகளில் மேல் கொத்மலைத் திட்டம் முன்வைக்கப்பட்டபோது நிலைமை மாறியிருந்தது. சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டிருந்தமையால், சென் கிளேயர் நீர்வீழ்ச்சியின் பெயராலும் தலவாக்கலை மக்களின் குடியிருப்புகளின் பெயராலும் எதிர்ப்புகள் பதிவாயின. சூழலியலாளரும் மலையகக் கட்சிகளும் ஒரே பக்கத்தில் நின்றதொரு அரிய சந்தர்ப்பம் அது. 150 மெகாவாற்று நிலையம் பல மாற்றங்களின் பின் 2012இல் இயங்கத் தொடங்கிற்று. கேட்கப்படுதல் என்பது முடிவைத் தலைகீழாக்கும் எனச் சொல்ல முடியாது. முடிவு எடுப்போரைக் காரணம் கூற வைக்கும். இவ்வேறுபாட்டை மனங்கொண்டே பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை அணுகுதல் வேண்டும்.

ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு என்ற கருத்து நமக்கு உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவில் நியூயோர்க், விஸ்கொன்சின் ஆகிய மாநிலங்கள் 1907இல் இத்தகைய ஆணைக்குழுக்களை நிறுவின. ஏகபோகக் கம்பனிகளின் சுரண்டலுக்கு எதிரான முற்போக்கு இயக்கத்தின் கோரிக்கையாக அது விளங்கியபோதும், அதனை முதலிற் பரிந்துரைத்தோருள் சிக்காகோவின் மின்கம்பனி அதிபராகிய சாமுவேல் இன்சலும் ஒருவர் என்பது சுவையான செய்தி. 1898இலேயே அவர் இதனைத் தம் தொழில்துறையினரிடம் வலியுறுத்தினார். நகராட்சிகள் மின்சாரத்தைத் தம்முடைமையாக்குவதைவிட, நியாயமான இலாபத்தை உறுதிசெய்யும் ஓர் ஆணைக்குழுவின் கண்காணிப்பில் வாழ்வது கம்பனிகளுக்கு நன்று என அவர் கணித்தார். பிரித்தானியாவில் இவ்வமைப்பு 1989இன் மின்சாரச் சட்டத்துடன், தனியார்மயத்தின் உடன்பிறப்பாக வந்தது. ஆகவே ஒழுங்குபடுத்துநர் மக்களின் காவலன் என்றோ, மூலதனத்தின் முகவர் என்றோ ஒரு வரியில் தீர்ப்பளிப்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. இருவேறு வர்க்க நலன்கள் ஒரே நிறுவனத்தை வேண்டின. எந்த நலன் மேலோங்கும் என்பது ஒவ்வொரு நாட்டிலும் போராட்டத்தின் விளைவேயாகும்.

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் பிறப்பும் இப்படியானதே. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அது தோற்றுவிக்கப்பட்டது. சர்வதேச நிதி நிறுவனங்களின் ஊக்குதலோடு மின்சார சபையைக் கூறுபோட எண்ணிய அதே காலப்பகுதியின் விளைவு அது. சபையைப் பிரிப்பதற்கென 2002இல் இயற்றப்பட்ட மற்றைய சட்டம், தொழிற்சங்கங்களின் எதிர்ப்பினால் நடைமுறைக்கு வரவில்லை. ஆணைக்குழு மட்டும் எஞ்சிற்று. 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம் வரும்வரை அதற்கு மின்சாரத் துறையில் உண்மையான அதிகாரம் இருக்கவில்லை. (ஆணைக்குழுச் சட்டத்துக்கு அடுத்த ஆண்டில் இயற்றப்பட்ட, இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டமும் 35ஆம் இலக்கத்தையே பெற்றுள்ளது. எண்களின் தற்செயல் ஒற்றுமைதான். எனினும் மலையக மாணவர் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தல் பயனுடைத்து.)

சட்டத்தின்படி ஆணைக்குழுவின் வேலைமுறை ஒழுங்கானது. விநியோகிப்போர் தம் செலவுகளைக் காட்டிக் கட்டண முன்மொழிவைச் சமர்ப்பிப்பர். அது மும்மொழிகளிலும் வெளியிடப்படும். எழுத்து மூலமாகவும் வாய்மொழியாகவும் கருத்துகள் பெறப்படும். பின்னர் தீர்மானம் காரணங்களுடன் வெளியாகும். பாவனையாளர் ஆலோசனைக் குழுவொன்றை அமைக்கவும் சட்டம் ஏற்பாடு செய்துள்ளது. தனியாள் முறைப்பாடாயின், முதலிற் பிரதேச மின்பொறியியலாளர் அலுவலகத்தை நாட வேண்டும். அங்கு தீராவிடின் ஆணைக்குழுவுக்கு வரலாம். இணக்கத்தின் மூலமோ தீர்மானத்தின் மூலமோ அது தீர்க்கப்படும். இவற்றுக்கு அப்பால், மின்னதிர்ச்சி மரணங்களைக் கணக்கெடுத்தல், வயரிங் வேலையாட்களின் தகைமையை வரையறுத்தல் போன்ற பணிகளையும் அது மேற்கொண்டது. பழைய லயங்களில் மின்கசிவினால் தீப்பற்றும் செய்திகளை அடிக்கடி வாசிப்போர்க்கு, இப்பணிகள் கட்டணத்தைவிட முக்கியமாகத் தோன்றினும் வியப்பில்லை.

எனினும் ஒழுங்கான இம்முறை அரசியலிலிருந்து விலகி நிற்கவில்லை. 2013 ஏப்ரலில் கொழும்பில் நடைபெற்ற பகிரங்க அமர்வில் கட்டண உயர்வுக்கு எதிராகப் பலர் சாட்சியமளித்தனர். உயர்வு அங்கீகரிக்கப்பட்டது. பின்னர் குறைந்தளவு பாவிப்போருக்குச் சலுகை அறிவிக்கப்பட்டது மே தின மேடையில், அறிவித்தவர் ஜனாதிபதி. 2014 செப்டெம்பரின் 25 சதவீதக் குறைப்பும் நுரைச்சோலை அனல்மின் நிலையத் திறப்பு விழாவில் வெளியானது. அதன்பின் 2022 வரை கட்டணம் அசையவில்லை. செலவுக்கும் கட்டணத்துக்கும் இடைப்பட்ட வெளி கடனாகப் பெருகியபின், 2022இன் பொருளாதார வீழ்ச்சியோடு எல்லாம் ஒருங்கே வந்து விழுந்தது.

அவ்வீழ்ச்சியை மலைப்புறத்திலிருந்து நோக்குமிடத்து எண்கள் வேறு கதை சொல்லும். மாதம் 30 அலகு மட்டும் பாவிக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு மூன்று விளக்குகள், ஒரு தொலைக்காட்சி, கைத்தொலைபேசி, இடையிடையே ஒரு மின்னழுத்தி. லயத்து வீட்டின் பாவனை பெரும்பாலும் இவ்வளவே. 2022 ஆகஸ்டுக்கு முன்னர் அலகுக்கு 2 ரூபா 50 சதமும் நிலையான கட்டணம் 30 ரூபாவும் சேர்ந்து 105 ரூபா. ஆகஸ்டில் அலகு 8 ரூபா, நிலையான கட்டணம் 120 ரூபா, மொத்தம் 360. 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,300 ரூபா. அக்காலத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம், 2021இல் நிர்ணயிக்கப்பட்டவாறு, 1,000 ரூபா. அரை வருடத்துள் ஒரு சிறு வீட்டின் வெளிச்சம் ஒரு நாள் உழைப்பையும் விஞ்சிற்று. நாடு முழுவதற்கும் சராசரி உயர்வு ஆகஸ்டில் 75 சதவீதம், பெப்ரவரியில் 66 சதவீதம் என்றே தலைப்புச் செய்திகள் கூறின. சராசரி என்பது வறியவனை மறைக்கும் திரை. 2023 யூலையில் இப்பிரிவினரின் கட்டணம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கப்பட்டு 450 ரூபாவாயிற்று என்பதே பெப்ரவரித் தீர்மானத்தின் மிகைக்குச் சான்றாகும்.

இதனினும் நுட்பமான ஓர் அநீதி மீட்டர்ப் பெட்டிக்குள் ஒளிந்துள்ளது. இலங்கையின் வீட்டுக் கட்டணம் படிமுறையானது. பாவனை கூடக் கூட அலகின் விலையும் நிலையான கட்டணமும் ஏறும். செல்வர் கூடுதலாகவும் வறியவர் குறைவாகவும் செலுத்தவேண்டும் என்பதே நோக்கம். இந்நோக்கம் ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர் என்னும் எடுகோளின் மேல் நிற்கின்றது. லயத்தில் ஒரே இணைப்பிலிருந்து பெற்றோரும் மணமான பிள்ளைகளுமாக மூன்று குடும்பங்கள் மின்சாரம் பெறுவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 30 அலகு பாவித்தால் மீட்டர் 90 அலகைக் காட்டும். 2022 ஆகஸ்டுக் கட்டணத்தில், தனித்தனி இணைப்பாயின் மூவரும் சேர்ந்து 1,080 ரூபா செலுத்தியிருப்பர். ஒரே இணைப்பாதலால் அலகுக்கு 16 ரூபாவும் நிலையான கட்டணம் 360 ரூபாவுமாக 1,800 ரூபா வரும். வறியவரைக் காக்க வகுக்கப்பட்ட படிமுறை, இடநெருக்கடியில் வாழும் வறியவரை வசதியுள்ள ஒரு குடும்பமாகக் கணித்துவிடுகின்றது. மீட்டருக்குப் பின்னால் நிற்கும் தலைகளை அது எண்ணுவதில்லை.

கட்டண அமர்வில் முன்வைக்கப்பட வேண்டிய வலுவான வாதங்களுள் இதுவும் ஒன்று. அதனை யார் முன்வைப்பது? இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவரே பாவனையாளர். ஏனைய இரு குடும்பங்களும் ஆவணத்தில் இல்லை. தோட்டத்தின் மொத்த இணைப்பிலிருந்து மின்சாரம் பெற்ற லயங்களாயின் நிலைமை இன்னும் மோசம். அங்கு பாவனையாளர் தோட்ட நிர்வாகமே. தொழிலாளிக்கும் ஆணைக்குழுவுக்கும் இடையே சட்ட உறவு எதுவுமில்லை.

2023இன் நிகழ்ச்சிகள் ஆணைக்குழுவின் சுயாதீனம் எத்துணைப் பலமுடையது என்ற கேள்வியையும் எழுப்பின. பெப்ரவரி உயர்வைத் தலைவர் ஜானக ரத்நாயக்க எதிர்த்தார்; ஏனைய உறுப்பினரின் பெரும்பான்மையால் அது நிறைவேறியது. அடுத்த மாதத்தில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் அங்கீகரிக்கப்பட்டது. மே 24ஆந் திகதி பாராளுமன்றம் 123க்கு 77 என்ற வாக்குகளால் அவரைப் பதவி நீக்கிற்று. அவரது நடத்தை பற்றிச் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளை ஆராய்வது இங்கு நோக்கமன்று. ஒழுங்குபடுத்துநரை நீக்குவதற்குப் பாராளுமன்றத்தின் வாக்கெடுப்பு வேண்டும் என்ற பாதுகாப்பு, ஆளுங்கட்சியிடம் பெரும்பான்மை உள்ளபோது எவ்வளவு மெல்லியது என்பதே நமக்குப் புலனாவது.

இதற்கு மறுதலையான ஓர் அத்தியாயமும் உண்டு. 2024 டிசெம்பர் இறுதியிலிருந்து 2025 சனவரி வரை ஆணைக்குழு ஒன்பது மாகாணங்களிலும் வாய்மொழி அமர்வுகளை நடத்திற்று. கட்டணத்தை மாற்றாது வைத்திருக்க வேண்டும் என்பதே மின்சார சபையின் முன்மொழிவு. சனவரி 17ஆந் திகதி ஆணைக்குழு 20 சதவீதக் குறைப்பை அறிவித்தது. சபை கேட்டதற்கு மாறாகக் கட்டணம் குறைக்கப்பட்டமை சிறிய விடயமன்று. ஆனால் அதே ஆண்டு யூனில், செலவை ஈடுசெய்யும் கட்டணம் என்ற நாணய நிதியத்தின் நிபந்தனை முன்நிற்க, மீண்டும் மாகாண அமர்வுகளின் பின்னர், 15 சதவீத உயர்வு வந்தது. சபை கேட்டது 18.3 சதவீதம். கேட்கப்பட்ட குரலின் எடை மூன்று சதவீதம் எனச் சிலர் ஏளனம் செய்யலாம். அம்மூன்று சதவீதமும் தானாக வரவில்லை என்பதையும் அவர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தமிழ்நாட்டின் அனுபவம் இதனுடன் ஒப்புநோக்கத்தக்கது. 1999இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும், இலங்கையைப் போன்றே, 2014க்குப் பின்னர் 2022இலேயே பெரிய உயர்வை எதிர்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று நகரங்களிற் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. சிறுதொழில் முனைவோரும் விசைத்தறிக்காரரும் விவசாயிகளும் சங்கம் சங்கமாக வந்து பேசினர். செப்டெம்பரில் உயர்வு நடைமுறைக்கு வந்தது. இங்கு கவனிக்க வேண்டியது யாதெனில், பேச வந்தோர் தனிமனிதராக வரவில்லை; தம் தொழிலின் கட்டணத்தைக் கணக்கிட்டு வைத்திருந்த அமைப்புகளாக வந்தனர். கண்டியில் நடைபெறும் அமர்வுக்கு நாவலப்பிட்டித் தோட்டமொன்றிலிருந்து ஒரு தொழிலாளி வருவதாயின் அவர் அன்றைய சம்பளத்தையும் பஸ் கட்டணத்தையும் இழந்தே வரவேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தைக்கு ஆண்டுக்கணக்கில் ஆயத்தம் செய்யும் மலையகத் தொழிற்சங்கங்கள், ஒரு நாட்சம்பளத்தையே விழுங்கிய மின்கட்டணத்தைத் தம் கோரிக்கைப் பட்டியலில் அதே நிலையில் வைத்ததில்லை. துரையிடம் கேட்டுப் பழகிய இயக்கத்துக்கு ஆணைக்குழு அந்நியமாகவே இருந்துவிட்டது.

பாவனையாளர் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொண்ட ஓர் அனுபவமும் இந்நாட்டில் உண்டு. 1997இல் தொடங்கிய உலக வங்கித் திட்டத்தின் கீழும் அதன் தொடர்ச்சியின் கீழும், தேசிய மின்கம்பி சென்றடையாத கிராமங்களில் ஓடை நீரைக் கொண்டு சிறு மின்நிலையங்கள் நூற்றுக்கு மேல் அமைக்கப்பட்டன. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் மலைக்கிராமங்களில் இவை செறிந்திருந்தன. ஒவ்வொன்றையும் நடத்தியது அவ்வூர் மின் பாவனையாளர் சங்கம். கால்வாயை வெட்டியவர்களும் குழாயைச் சுமந்தவர்களுமே உறுப்பினர்கள். மாதக் கட்டணம் எவ்வளவு, இரவு எத்தனை மணிக்கு மின்னழுத்தி பாவிக்கக்கூடாது என்பனவெல்லாம் கூட்டத்தில் முடிவாயின. தேசிய மின்கம்பி வந்தபின் இவற்றுட் பல கைவிடப்பட்டன. உறுப்பினர் மின்சார சபையின் கணக்கு இலக்கங்களாயினர். வசதி கூடிற்று, கூட்டம் நின்றது. தோட்டங்களில் இம்முறை வேரூன்றாமைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஓடையும் நிலமும் தோட்டத்துக்குரியவை. கால்வாய் வெட்டும் உரிமை அங்கு வாழ்வோருக்கு இருக்கவில்லை.

2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் 2009இன் சட்டத்துக்குப் பதிலாக வந்து, மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிப்பதற்கு வழிவகுத்தது. 2025இல் அதுவும் திருத்தப்பட்டது. விநியோகிப்போர் எவராயினும் ஆணைக்குழுவின் ஒழுங்குபடுத்தல் தொடர்கின்றது. ஆயினும் மலைப்புறத்தில் தீராதிருக்கும் சிக்கல் இவ்வமைப்பு மாற்றங்களுக்குக் கீழே, மிகத் தாழ்ந்ததொரு படியில் உள்ளது. 2009இன் சட்டம் ஓர் இடத்தின் உரிமையாளரோ அங்கு குடியிருப்பவரோ மின்சாரம் கோரலாம் என்றே கூறிற்று. குடியிருப்பவர் என்ற அச்சொல் லயத்து மக்களை முழுமையாக உள்ளடக்கும். நடைமுறையிலோ, மின்கம்பம் தோட்டத்து நிலத்தினூடாகச் செல்லவேண்டும். விண்ணப்பத்தோடு காணி உரிமைக்கான சான்றும் வேண்டும். சட்டம் குடியிருப்பவரை ஏற்றது. படிவம் உரிமையாளரைத் தேடிற்று. இந்திய உதவியுடனும் அரச திட்டங்களின் கீழும் ஏழு பேர்ச்சஸ் காணியில் எழுந்த புதிய வீடுகளில் குடும்பத்துக்கு ஒரு மீட்டர் பொருத்தப்படுகின்றது. அங்கு வாழ்வோர் தம் சொந்தப் பெயரில் மின்பட்டியல் பெறுகின்றனர். எஞ்சிய லயங்களில், மணமாகித் தனிக் குடும்பமாகிய மகன் புதிய இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது, நாவலப்பிட்டிப் பிரதேச மின்பொறியியலாளர் அலுவலகத்துக்குச் செல்லுமுன் அவன் ஏறவேண்டியது தோட்டக் காரியாலயத்தின் படியையே. நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் அங்கிருந்தே வரவேண்டியுள்ளது.